தலைவர் கையால் விட்ட மீன்

ஒரு காட்டில் ஒரு மீன் குஞ்சுப் பொரிப்பகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு அதெல்லாம் என்று கேட்கக் கூடாது. பக்கத்துக் காட்டில் ஒன்று வந்துவிட்டது, அதனால் இங்கேயும் வந்தது.

அங்கே தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்த்தது தவசி என்கிற நீர்நாய். நேர்காணலில், "மீன்களோடு பழகிய அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். "சின்ன வயசுலேர்ந்து தினமும் ரெண்டு வேளைங்க" என்றது தவசி. வேலை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனைதான், பொரிப்பக ஊழியர்கள் மீன் தின்னக் கூடாது. தவசி தலையாட்டிவிட்டுத் தவளைக்கு மாறிக்கொண்டது. நண்டு கிடைத்தால் நண்டு.

முட்டையிட வைக்கத் தாய் மீனுக்கு ஊசி போடுவது, தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது, குஞ்சு பொரித்ததும் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து தொட்டியில் தூவுவது, மீன்கொத்தி வந்தால் தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் தவசியின் தலையில் விழுந்தது. மேலாளர் உடும்பாரின் வேலை நாற்காலியில் இருப்பது. அவர் அதைப் பிடித்திருந்த பிடியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முட்டை சப்ளையும் அவருடையதே. யார் வீட்டு முட்டை என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஊட்டி வளர்த்த குஞ்சுகள் மேல் ஆசை வரத்தான் செய்யும். தவசிக்கும் வந்தது. அது எந்த மாதிரி ஆசை என்பதில்தான் முதலில் தவசிக்கே குழப்பம். பிறகு ஒருநாள் வால் கோணலாக இருந்த ஒரு கெண்டைக் குஞ்சு தொட்டி ஓரமாக வந்து, "அண்ணே, பசிக்குதுண்ணே" என்றது. குழப்பம் தீர்ந்தது. அண்ணே என்று கூப்பிட்டதை எப்படித் தின்பது?

வருஷா வருஷம் இந்தக் குஞ்சுகளைக் காட்டின் பெரிய குளத்தில் விடுவார்கள். விடுவது தலைவர் யானையார். அதற்கு ஒரு விழா உண்டு. விடியற்காலையில் குஞ்சுகளைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆக்சிஜன் அடைத்து, வாயைக் கட்டிக் குளக்கரைக்குக் கொண்டுபோவார்கள். தலைவர் வருகிற வழியெல்லாம் வாழைமரம் கட்டி வரவேற்பு வளைவு வைத்திருப்பார்கள். யானையார் யாருடைய மனத்தையும் புண்படுத்துகிறவர் அல்ல. ஒவ்வொரு வளைவாக நின்று, தின்று முடித்துவிட்டுத்தான் நகருவார். அவர் வந்து சேரும்போது வெயில் உச்சியில் இருக்கும். பையைக் கவிழ்த்தால் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும்.

"களைப்புல தூங்குதுங்க" என்பார் உடும்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தக் குளத்திலிருந்து இதுவரை ஒரு மீனும் கரையேறியதில்லை. ஒரு புகாரும் வந்ததில்லை.

இந்த வருஷம் விழாவுக்கு முந்தின நாள் தவசி குஞ்சுகளைப் பட்டினி போட்டது. வயிறு நிறைந்திருந்தால் பைத் தண்ணீரை அவையே கெடுத்துக்கொள்ளும் என்பதால் அப்படி ஒரு முறை.

"ஏண்ணே இன்னைக்குச் சாப்பாடு இல்ல?" என்றது கோணவால்.

"நாளைக்கு விழாடா. விழான்னா சிலருக்குப் பட்டினி, சிலருக்கு வாழைமரம்."

மறுநாள் பைகள் குளக்கரையில் இருந்தன. தலைவர் முதல் வளைவில் இருந்தார். வெயில் ஏற ஏறப் பை சுட ஆரம்பித்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"அண்ணே, மூச்சு முட்டுதுண்ணே."

தவசி உடும்பாரிடம் ஓடியது. "சார், இதுக்கு மேல தாங்காது சார். விட்டுடலாம்."

"தலைவருக்கு முன்னாடி நீ விட்டுட்டா, தலைவர் எதை விடுவாரு?"

"செத்துடும் சார்."

"எல்லா வருஷமும் சாகுதேப்பா. இந்த வருஷம் என்ன புதுசா பதறுற?" என்றார் உடும்பார். சொல்லிவிட்டு மேடையில் நாற்காலி போட்டாயிற்றா என்று பார்க்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தவசி பைகளை இழுத்துக்கொண்டு கோரைப்புல்லுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகிற வரைக்கும் பைகளைக் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு மெல்ல வாயை அவிழ்த்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோணவால் மட்டும் கொஞ்சம் தயங்கியது.

"விழா இருக்குன்னியேண்ணே?"

"அதை நான் பாத்துக்குறேன். நீ போடா."

போனது. தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. நீர்நாய்க்குக் கண் கலங்கினால் யாருக்குத் தெரியப் போகிறது? பக்கத்துக் குட்டையில் தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று மொய்த்துக்கொண்டிருந்தன. அவற்றை அள்ளிப் பைகளை நிரப்பி, வாயைக் கட்டி, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தது.

கடைசி வளைவையும் முடித்துக்கொண்டு யானையார் வந்தார். தும்பிக்கையால் பையைத் தூக்கிக் குளத்தில் கவிழ்த்தார். உள்ளே இருந்தவை வாலை ஆட்டிக்கொண்டு ஜோராக நீந்தின. உடும்பார் அரண்டுபோனார். அவர் பதவிக்கு வந்த பிறகு பையிலிருந்து எதுவும் நீந்தியதில்லை.

"என்னய்யா கறுப்பா இருக்கு?" என்றார் யானையார்.

"உங்களுக்காக வெயில்ல காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. கறுத்துடுச்சு" என்று சமாளித்தார் உடும்பார்.

யானையாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. மீன் பிடிக்கலாம் என்று குளத்துக்குப் போன கரடி, காலை நனைக்கும் முன்பே திரும்பிப் பொரிப்பகத்துக்கு வந்தது. "மீனுன்னு சொல்லி விட்டீங்க. கரை பூரா தவளை உட்காந்து கத்துது. காதைப் பொத்திக்கிட்டு வர்றேன்."

உடும்பார் தவசியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். தவசி நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. குளத்தில் நல்ல மீன் இருக்கிறது, முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது என்றும் சொன்னது. உடும்பார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை வேற எங்கயும் சொல்லிடாதே. தலைவர் தவளை விட்டாருன்னு சொல்ல முடியுமா? தலைவர் கையால விட்டது மீன். அதுக்கு இப்போ கால் முளைச்சிருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

"அப்போ நான் விட்ட மீன் சார்?"

"எந்த மீன்? விழாவே இல்லாம மீன் எப்படிப்பா வரும்?"

மறுநாள் அறிவிப்பு வந்தது. தலைவரின் முயற்சியால் நாலு கால் கெண்டை என்கிற புது ரகம் உருவாகியிருக்கிறது, அது கரையிலேயே கிடைக்கிறது, ஆகவே தண்ணீருக்குள் வலை போடுவது வீண்வேலை, இனி அதற்குத் தடை. யானையாருக்குப் பாராட்டு விழா நடந்தது. உடும்பாருக்கு இன்னும் பெரிய நாற்காலி கிடைத்தது. கரடி தவளையைத் தின்றுவிட்டு, மீன் வாசம் கொஞ்சம் குறைவு என்று சொல்லிப் பார்த்தது. உனக்கு ஜலதோஷம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் தவசி வழக்கம்போலக் கரையில் ஒரு தவளையைப் பிடித்தது. பின்னாலிருந்து உடும்பார் கனைத்தார்.

"என்ன தவசி இது? ஊழியர்கள் மீன் தின்னக் கூடாதுன்னு தெரியாதா?"

தவசி தவளையைக் கீழே விட்டது. "நண்டெல்லாம் இந்த மழையில வளையை விட்டு எங்கேயோ போயிடுச்சு சார். வேற எதைத்தான் தின்னுறது?"

"இல்லாத மீனைத் தின்னா யாரு கேக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தவசிக்கு அன்று ராத்திரி பட்டினி. தவளைகள் அதன் காலடியிலேயே உட்கார்ந்து சத்தமாகக் கத்தின. அப்போது தண்ணீர் விலகியது. கொழுத்த கெண்டை ஒன்று தலையை நீட்டியது. அதன் வால் கோணல்.

"அண்ணே, மேலே ஏதோ அறிவிப்பாமே. நாங்க இருக்கோமா, இல்லையாண்ணே?"

தவசி அதை வெகுநேரம் பார்த்தது. எச்சில் விழுங்கியது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஆபீஸ் நேரத்துல இல்லைடா. மத்த நேரத்துல இருங்க. ஆனா எனக்குப் பசிக்கிற நேரத்துல இந்தப் பக்கம் வராதீங்க."

நீதி: உயிர் மேல் ஆசை உள்ளவர்கள் தலைவர் வருவதற்கு முன்பே குளத்தில் இறங்கிவிட வேண்டும். அதன்பின் நீங்கள் இல்லவே இல்லை என்று அறிவித்தால், தலையை நீட்டி மறுக்கக் கூடாது.