நாற்பத்தோராம் எண் பிள்ளை

பள்ளிக்கூட வாசலில் அன்று நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே பழைய பிள்ளைகளை வாங்கிக்கொண்டு புதுப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒரு நெரிசல். எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தான் பெற்ற பிள்ளையின் மனசுக்குள் என்ன இருக்கிறது. எட்டு வருஷமாக ஒரே வீட்டில் வளர்கிற பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் உள்ளமணியார் பிழைப்பு நாறிப்போயிருக்கும்.

உள்ளமணியார் சாமியாரும் இல்லை, டாக்டரும் இல்லை. இருவரிடமிருந்தும் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, பொறுப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தவர். அவரிடம் ஒரு கல் இருந்தது. பேர் உள்ளக்கல். கோழிமுட்டை அளவு, கன்னங்கரேல் என்று வழவழப்பாக இருக்கும். பிள்ளை குழாயடியில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, கல்லை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பொத்திப் பிடிக்க வேண்டும். வகுப்பு டீச்சர் பத்து எண்ணுவார். பிறகு கல்லை ஒரு தட்டில் வைத்துத் திரைக்கு அடியில் தள்ளுவார். கூடவே ஒரு சீட்டு. அதில் எண் மட்டும்தான், பேர் கிடையாது. திரைக்கு அந்தப் பக்கம் உள்ளமணியார், கையில் மைக்.

திரை எதற்கு? அதையும் அவரே சொன்னார். "குழந்தை முகத்தைப் பார்த்தா எனக்குப் பாசம் பொங்கிடும். பாசம் பொங்கினா கணிப்பு தப்பிடும்." இதைக் கேட்டு இரண்டு அப்பாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கல் நீலமானால் அன்பு நிறைந்த மனசு. பச்சையானால் பரவாயில்லை. பழுப்பு என்றால் பொறாமை. கறுப்பாகவே இருந்துவிட்டால் அடக்கிவைத்த பிடிவாதம். கெட்டதற்கெல்லாம் கறுப்பைக் கூப்பிடும் பழக்கம் கல்லுக்கும் எப்படி ஒட்டியதோ தெரியவில்லை. நீலப் பிள்ளைகளுக்கு முன்பெஞ்சு. கறுப்புப் பிள்ளைகள் ஒரு வருஷத்துக்கு மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த அறையில் உட்கார வேண்டும். பிடிவாதம் மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளும் என்பதால் விளையாட்டும் தனிதான். தலைமையாசிரியை அந்த அறைக்கு 'மனமலர் மையம்' என்று பலகை எழுதி மாட்டியும் விட்டார். பெஞ்சுகளின் கால் மட்டும் இன்னும் உடைந்தே இருந்தது.

தெருமுனை லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள் தன் மகளோடு வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நாத்தனாரும், நாத்தனாரின் மகனும். அந்தப் பையன் போன மாதம் மூன்று பேரைக் கடித்து வைத்தவன்.

மகள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. கையைக் கழுவு என்றார்கள். ஒருமுறைக்கு மூன்றுமுறை கழுவினாள். குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. விரல் சுருங்கும்வரை தேய்த்துவிட்டு, ஏசி போட்ட கூடத்தில் அரைமணி நேரம் ஆடாமல் நின்றாள். கல்லைப் பொத்தினாள். டீச்சர் வேண்டாவெறுப்பாகப் பத்து எண்ணினார். தட்டு உள்ளே போனது.

"கறுப்பு," என்றது மைக். "பெரியவங்க பேச்சைக் கேக்கவே கேக்காத பிள்ளை."

அடுத்து நாத்தனார் மகன். மைக்கில் பெருமூச்சு கேட்டது. "நீலத்திலயே நீலம். இந்தக் கை யாருக்கும் தீங்கு செய்யாது." கை செய்யாதுதான். அவன் செய்வதெல்லாம் பல்லால்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இஸ்திரிக்காரி நம்பினாள். வீட்டில் பிடித்துப் பழகட்டும் என்று கறுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் தலையில் விலைக்குக் கட்டப்பட்ட பயிற்சிக்கல்லையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் மகளின் எட்டு வருஷத்தையும் தோண்ட ஆரம்பித்தாள். நாலு வயசில் ஒருநாள் பால் வேண்டாம் என்றாளே, அது பிடிவாதம்தானா? போன வாரம் கூப்பிட்டதும் வராமல் படம் வரைந்துகொண்டிருந்தாளே, அதுவும்தானா? தேடினால் கிடைக்காத குற்றமா? கிடைத்துக்கொண்டே இருந்தது.

மகள் இரண்டு நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று, சிரித்தாள், நிறுத்தினாள், மறுபடி சிரித்தாள்.

"என்னடி பண்ற?"

"நான் சிரிக்கறது நிஜமான்னு பாக்கறேன்மா." மறுபடி ஒருமுறை சிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள கோபம் இருந்தா எனக்குத் தெரியுமாம்மா? இல்ல, கல்லுக்கு மட்டும்தான் தெரியுமா?" என்றாள்.

அடுத்த திங்கள் மகள் மாடிப்படிக்குக் கீழே அந்த அறைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வருஷம் உட்கார்ந்தால், இந்தப் பிள்ளை தன் மனசைத் தானே நம்பாமல் போய்விடும் என்பது இஸ்திரிக்காரிக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் நாத்தனார் லாண்டரிக்கு ஓடிவந்தாள்.

"அண்ணி, பையனுக்கு நாலு நாளா நூத்தி ரெண்டு டிகிரி. அன்பு ரொம்ப அதிகமாயிட்டா உடம்பு தாங்காதோ?"

"நாலு நாளாவா? அப்ப அன்னிக்கு வரிசையில நிக்கும்போதே காய்ச்சலா?"

"கொதிச்சுது அண்ணி. சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்களேன்னுதான் சொல்லல."

"முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அன்பைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்," என்று இஸ்திரிக்காரி துரத்தினாள்.

அவள் போன கையோடு ஒரு வாடிக்கையாளர் வந்து, சட்டையில் இல்லாத கறையைக் காட்டிக் கால்மணி நேரம் கத்திவிட்டுப் போனார். இஸ்திரிக்காரிக்கு மண்டை காய்ந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு, மேசை மேலிருந்த பயிற்சிக்கல்லை எடுத்து இறுக்கிப் பிடித்தாள். அந்த ஆளின் மண்டையில் எறிந்தால் என்ன என்றுதான் யோசனை. கையைத் திறந்தாள். கல் நீலம். நீலத்திலேயே நீலம்.

பதினாறு வருஷமாகச் சூட்டோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு என்று கையை அருகில் கொண்டுபோனாலே சொல்லிவிடுவாள். கல்லைக் குடிதண்ணீர்ப் பானைமேல் வைத்தாள், கறுத்தது. அப்போதுதான் தேய்த்த பேன்ட் மடிப்புக்குள் வைத்தாள். பழுப்பு, பச்சை, நீலம். பேன்ட்டுக்கு இவ்வளவு அன்பு இருப்பது அதைப் போடுகிறவருக்குத் தெரியுமோ என்னவோ. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தனியாக நின்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. நல்ல கோபம்.

திங்கள்கிழமை பள்ளியில் வண்ணவிழா. அறைக்கு அனுப்பும் முன் கறுப்பு வாங்கியவர்களுக்கு ஒரு மறுபரிசோதனை. இஸ்திரிக்காரி சாப்பாட்டு டப்பாவோடு போனாள். மகளின் முறை வந்ததும் டப்பாவைத் திறந்தாள். உள்ளே தோல் உரித்து இரண்டாகப் பிளந்த ஒரு பெரிய உருளைக்கிழங்கு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் பார்ப்பதுபோல மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். பதம் சரியாக இருந்தது. உள்ளக்கல்லை நடுவில் வைத்து, இரண்டு பாதியையும் மூடினாள்.

டீச்சர் உருளைக்கிழங்கைப் பார்த்தார். இஸ்திரிக்காரியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மாதம் முழுக்க இல்லாத உற்சாகத்தோடு, "ஒன்று, இரண்டு" என்று எண்ண ஆரம்பித்தார். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பத்து முடிந்ததும் கல்லைத் துடைத்துத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். சீட்டில் எண் நாற்பத்தொன்று.

மைக் குழைந்தது. "ஆகா. நாற்பத்தொன்று, நீலம். என்ன ஒரு பக்குவம். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. நாளைக்குப் பெரிய தலைவரா வரும். மென்மையான மனசு, கொஞ்சம் அழுத்தினாலே உடைஞ்சுபோகும்."

"அது சரிதாங்க," என்றாள் இஸ்திரிக்காரி. "நல்லா வெந்திருக்கு." சொல்லிக்கொண்டே திரையை இழுத்தாள்.

உள்ளமணியார் ஒரு கையில் மைக்கும் மறு கையில் கல்லுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே உருளைக்கிழங்கு. கடைசிப் பெஞ்சில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், கூரை அதிர்ந்தது.

மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. "சமைச்ச தாயோட அன்பு கிழங்குல இறங்கியிருக்கு. அதைத்தான் கல் காட்டுது," என்றார். தலைமையாசிரியை தலையாட்டினார். நாலைந்து பெற்றோரும் ஆட்டினார்கள். ஆட்டுவதற்காகவே வாய்த்த தலைகள்.

"அப்ப சரி," என்ற இஸ்திரிக்காரி மகளைப் பார்த்தாள். "கண்ணு, கையை நல்லாத் தேச்சுச் சூடு பண்ணிப் பிடி." நீலம். "இப்பப் போய்க் கழுவிட்டு வா." கறுப்பு. "மறுபடி தேய்." நீலம். "அஞ்சு நிமிஷத்துல மூணு தடவை மனசு மாறிடுச்சுங்களா ஐயா? இல்ல, கை மட்டும்தானா?"

பதிலுக்குக் காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் கொண்டுவந்திருந்த பயிற்சிக்கற்கள் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறின. கக்கத்தில் வைத்தார்கள், வாயால் ஊதினார்கள், தண்ணீர் பாட்டிலில் ஒட்டினார்கள். காய்ச்சல் தேறி வந்திருந்த நாத்தனார் மகன் ஒன்றைக் கடித்தே பார்த்தான், அதுவும் நீலம். ஒருத்தி ஓடிப்போய்த் தலைமையாசிரியையின் கையில் ஒன்றைத் திணித்தாள். பலகை எழுதி மாட்டிய கை பயத்தில் சில்லிட்டுப் போயிருந்தது. கறுப்பு. "டீச்சர், நீங்களும் மாடிப்படிக்குக் கீழயா?" என்று அந்தப் பிள்ளை அக்கறையோடுதான் கேட்டது. இந்த அமர்க்களத்தில் உள்ளமணியார் எந்தக் கதவு வழியாகப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. மைக் மட்டும் நாற்காலியில் கிடந்தது. வகுப்பு டீச்சர் மாடிப்படிக்குப் போய்ப் பலகையைக் கழற்றிவிட்டு வந்தார்.

இஸ்திரிக்காரி மகளைப் படியில் உட்கார வைத்தாள். நாலு நாளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

"இப்ப மனசுல என்னடா இருக்கு?"

மகள் அவசரப்படவில்லை. அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. "கொஞ்சம் சிரிப்பு," என்றாள். "உன்மேல கொஞ்சம் கோபம். நீயும் கல்லைத்தான நம்பின."

"ஆமா. தப்புதான்."

"அப்புறம் பசி."

டப்பா திறந்தது. தலைவராக வரவேண்டிய நாற்பத்தோராம் எண் பிள்ளையை இருவரும் ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள்.

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "அண்ணி, அடுத்த தெருவுல ஒருத்தர் பிள்ளைங்க காதைப் பாத்தே குணத்தைச் சொல்றாராம், போலாமா?" என்றாள்.

போகலாம், தாராளமாகப் போகலாம். போகிற வழியில் ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டு போங்கள். உங்கள் பிள்ளைக்கு வாய் இருக்கிறது, உங்களுக்குக் காது இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எவனாவது திரை கட்டி உட்கார்ந்தால், அவன் படிப்பது உங்கள் பிள்ளையின் மனசை அல்ல, உங்கள் மண்டையை. அதுவும் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.