ஆறடியும் பதினோராம் நம்பர் செருப்பும்

ஜூலை பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டேன். இரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்தேன். அலுவலகத்துக்குத் தற்செயல் விடுப்பு முந்தைய நாளே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. காரின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏழு மணிக்கு நிமிர்ந்தால், கடலூர் மாவட்டத்திலேயே மிக அதிகமான செருப்புகளைக் குனிந்து பார்த்த மனிதர் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவரை ஊரே 'ஆறடி' என்றுதான் கூப்பிடும். நேரில் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவருடைய உயரம் ஐந்தடி ஓரங்குலம். நான் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். அளவில் தப்பு வராது. மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் கூடைப்பந்துக் கிளப்புக்கு அவர்தான் பயிற்சியாளர், ஆள் பிடிப்பவர், பந்துக்குக் காற்றடிப்பவர் எல்லாம். அவரிடம் மழையைப் பற்றிப் பேசினாலும் மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் "ஆறடியில ஒரே ஒரு புள்ள கிடைச்சா போதும் சார்" என்று வந்து நிற்பார். அதனால் வந்த பெயர். கடையைப் பூட்டிக்கொண்டு சிதம்பரம் வரை போகிற நாட்களிலும் கதவில் 'டீ குடிக்கப் போயிருக்கிறேன்' என்ற அட்டையைத்தான் மாட்டுவார். அதை நம்பி நின்றவர்கள் மத்தியானம் வரை நின்றிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பிள்ளைகளைப் பார்க்கமாட்டார்.

"இப்ப இருக்கற உயரத்த எவன் வேணா பாப்பான் சார். வரப்போற உயரத்தப் பாக்கணும். அது பாதத்துல இருக்கு. நாய்க்குட்டி வாங்கும்போது பாக்கறதில்ல? காலு பெருசா இருந்தா பெரிய நாயி."

நம் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் செருப்பை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டுத்தானே உள்ளே போகிறார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆறடி அந்த வராந்தாவில் கையைப் பின்னால் கட்டியபடி மெதுவாக நடப்பார். பெரிய செருப்பு கண்ணில் பட்டால் உட்கார்ந்து சாண் போட்டுப் பார்ப்பார். பிறகுதான் அது யாருடையது என்ற விசாரணை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் வாட்ச்மேன் இதைப் பார்த்துவிட்டு அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். போன வாரம்தான் அங்கே நாலு ஜோடி காணாமல் போயிருந்ததாம். நான் ஓடிப்போய் என் அரசு அடையாள அட்டையை நீட்டினேன். வாட்ச்மேன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓ, ரெண்டு பேரா வந்திருக்கீங்களா?" என்றார்.

வடலூரில் அன்னதானப் பந்தியில் எதிர் வரிசையில் ஒரு பையன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தே இவ்வளவு என்றால் எழுந்தால் எவ்வளவு என்று ஆறடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மூன்றாவது தடவை ரசம் வாங்கும்வரை காத்திருந்தோம். எழுந்தான். உட்கார்ந்திருந்ததற்கும் நின்றதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆள் முழுக்க முதுகு. போதாததற்கு, மாமனாரோடு வந்திருந்தான்.

தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுக்கிற பிள்ளைகளின் கையைப் பார்க்கப் போனவரை அங்கிருந்த ஒருவர், "யோவ் மாமா, சும்மா நின்னு பாக்கறதுக்கு இது சினிமாவா, கயித்தப் புடி" என்று இழுத்து நிறுத்திவிட்டார். ஆறடி ஒரு மணி நேரம் வலை இழுத்தார். ஆள் கிடைக்கவில்லை. பையில் நிறைய மத்தி மீன் கிடைத்தது.

இப்படிப் போன பயணங்களை எல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் நிலைமை வேறு. எங்கள் பெண்கள் அணியில் ஏழு பேர்தான் இருந்தார்கள். லீக் போட்டிக்கு எட்டுப் பேர் வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்குள் எட்டாவது பெயர் போகவில்லை என்றால் அணி கிடையாது. அணி இல்லையென்றால் மாலை நேர மைதானம் ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. அந்த ஏழு பெண்களும் ஒரு வருஷமாக ஒருநாள் விடாமல் வந்து ஆடியவர்கள். அன்று மாலையும் வருவார்கள், என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

யாராவது ஒரு பெண்ணைச் சேர்த்துவிடலாமே என்று காரை எடுக்கும்போதே சொல்லிப் பார்த்தேன்.

"பேர் சேக்கறதுக்கு நான் என்ன ரேஷன் கார்டா போடறேன்?" என்றார். "ஏழும் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குதுங்க சார். நல்லா உருளுதுங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ரிங்குக்குக் கீழ நின்னு பந்தப் புடிக்க ஒரு பனமரம் வேணும்."

அந்தப் பனைமரத்துக்காக அவர் கோடை விடுமுறையில் மட்டும் எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். எல்லோரும் ஆசையாக வந்தவர்கள். ஐந்தடி நான்கு, ஐந்தடி ஐந்து. கதவோரமாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வளந்துட்டு வாம்மா" என்பார்.

குடிகாடு வந்ததும் ரசாயனத் தொழிற்சாலை நாற்றத்துக்காக வழக்கம்போல் நான் கார்க் கண்ணாடியை ஏற்றினேன். அவர் இறக்கினார். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை வெளியே நீட்டினார். சிதம்பரத்தில் முதல் பள்ளியில் ஒன்பதாம் நம்பர் செருப்பு ஒன்று கிடைத்தது. அது கணக்கு டீச்சருடையது. இரண்டாவது பள்ளியில் தேர்வு நடந்துகொண்டிருந்தது, உள்ளே விடவில்லை. சோர்ந்துபோய்க் கீழ வீதியில் காபி குடித்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற இடத்தில் உட்கார்ந்து ஒரு ஜோடியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர் வந்தார். ஆந்திராவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், வயது அறுபதுக்கு மேல். ஆறடியைக் கடைக்காரர் என்று நினைத்து டோக்கனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு, பிச்சாவரம் போகிற வழியில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். பி.டி. மிஸ் நல்ல மனுஷி. காரணம் கேட்டுச் சிரித்துவிட்டு அவரே வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். ஒன்பதாம் வகுப்பு, ஒன்றுமில்லை. பத்து 'ஏ', ஒன்றுமில்லை. பத்து 'பி' பெண்கள் மட்டும் படிக்கிற வகுப்பு. அதன் வாசலில் ஆறடி அப்படியே நின்றார்.

சின்னச் சின்னச் செருப்புகளுக்கு நடுவில், குளத்தில் தோணி நிற்பதுபோல, நீல வார் வைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அவர் உட்கார்ந்து சாண் வைத்தார். ஒன்றரைச் சாண் இருந்தது.

"சார், பதினோராம் நம்பரு. பொண்ணுங்க கிளாசு சார்."

பி.டி. மிஸ் உள்ளே தலையை நீட்டி, நீல வார் செருப்பு யாருடையது என்று கேட்டார். கடைசி பெஞ்சில் யாராவது எழுந்திருப்பார்கள் என்று நாங்கள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து நின்றாள். பெயர் அபிநயா. நாலடி பத்தங்குலம் இருந்தால் அதிகம்.

ஆறடி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களா என்று.

"எங்கப்பா செருப்பு சார். என்னுது வாரு அறுந்துபோச்சு. அவரு வண்டி ஓட்டும்போது செருப்பு போடமாட்டாரு."

"அப்பா என்ன உயரம்?"

"ஆறடிக்கு மேல சார்."

ஆறடியின் முகத்தில் விளக்கு எரிந்தது. "அம்மா?"

"அம்மா என்னவிடக் கம்மி."

விளக்கு அணைந்தது. அவர் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது சாப்பாட்டு மணி அடித்தது.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. எல்லா வகுப்புகளும் ஒரே நேரத்தில் உடைந்து சத்துணவுக் கூடத்தை நோக்கிப் பாய்ந்தன. அந்தக் கூட்டத்துக்குள் அபிநயா அந்தத் தோணிகளை மாட்டிக்கொண்டு புகுந்தாள். இடது பக்கம் போவதுபோல் தோளைக் காட்டி வலது பக்கம் போனாள். இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அவள் இருந்தாள், பிறகு இல்லை. வரிசையில் முதல் ஆளாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையிலும் இரண்டு தட்டு சாம்பார் சாதத்தோடு அதே கூட்டத்தை எதிர்த்து வந்தாள். ஒரு தட்டு தோழிக்காம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆறடியைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, காரிலிருந்து பந்தை எடுத்து வந்தார். மரத்தடியில் நின்றுகொண்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே தன்னைத் தாண்டிப் போகச் சொன்னார். அவள் போனாள். ஆறடி ஒரு சுற்றுச் சுற்றி எதிர்ப் பக்கம் பார்த்து நின்றார். மறுபடியும் என்றார். மறுபடியும் அதே சுற்று. பிறகு என்னையும் நிற்கச் சொன்னார். நான் என் பங்குக்கு மரத்தைப் பிடித்தேன். மூன்றாவதாக பி.டி. மிஸ்ஸும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். மூன்று பேரையும் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அவள் மரியாதையாகக் கேட்டாள்.

"சார், செருப்பக் கழட்டிடட்டுமா?"

ஆறடி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இரண்டு நாள் வலித்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அவளுடைய தலைக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உயரம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அபிநயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "நீங்க எவ்ளோ சார்?"

பி.டி. மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பந்தைப் பார்த்தேன். ஆறடியிடம் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அத வுடு. உனக்கு ஆட இஷ்டமா?" என்றார்.

"பந்து எனக்கே தர்றீங்களா?"

"ஆடும்போது தர்றேன்."

"அப்ப இஷ்டம்தான்."

மணி ஒன்றரை. இனி அவள் அப்பாவின் சம்மதம் வேண்டும். அவர் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். பி.டி. மிஸ் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு எங்களோடு காரில் ஏறினார். வழியெல்லாம் ஆறடி இருக்கையில் உட்காராமல் பேசினார். பனைமரம் இல்லையென்றால் என்ன, பந்தை மேலே போகவிட்டால்தானே பனைமரம் வேண்டும், நம் பிள்ளைகள் கீழேயே வைத்துத் திருடிவிட்டால் எதிர் அணியின் பனைமரம் காற்றுதான் வாங்கவேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். காலை வரை அவர் சொன்னதற்கு நேர் எதிர். நான் ஞாபகப்படுத்தவில்லை.

மார்க்கெட்டில் அவளுடைய அப்பா வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றிருந்தார். உண்மையிலேயே பெரிய மனிதர். ஆறடி அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்து, சனி ஞாயிறு பயிற்சிக்கு வந்தால் போதும் என்று விஷயத்தைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சனி ஞாயிறு பொண்ணு கடலூருக்கு எப்புடிங்க வரும்? பஸ்ல தனியா அனுப்பமாட்டேன்."

"சாரு கார்ல வந்து கூட்டிட்டுப் போயி, கொண்டாந்து வுடுவாரு" என்றார் ஆறடி. சாரை யாரும் கேட்கவில்லை. "நானும் கூடவே வருவேன். மிஸ்ஸுக்கு ரெண்டு வேளையும் போன் பண்ணிடுவோம்."

பி.டி. மிஸ்ஸும் பொறுப்பேற்றுச் சொன்னார். அப்பா யோசித்தார். பிறகு அவருக்கு நியாயமான ஒரு சந்தேகம் வந்தது.

"கூடப்பந்துக்கு உயரமாத்தான எடுப்பாங்க? அது வத்தலாட்டம் இருக்குது. உயரம் வேணும்னா எம் மூத்த பையன் இருக்கானே. டேய், இங்க வா."

வண்டிக்குப் பின்னாலிருந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பையன் நிமிர்ந்தான். நிமிர்ந்துகொண்டே இருந்தான். பதினோராம் வகுப்புப் படிக்கிறவன், அன்று அப்பாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்தான். ஆறடி ஓரங்குலம். நீளமான கை, அகன்ற உள்ளங்கை, பாதம் அப்பாவுடைய அதே அச்சு. எத்தனை வராந்தாக்களில் குனிந்து தேடியதோ அது முழுசாக எங்கள் முன்னால் வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றது.

ஆறடி அவனைக் கால் முதல் தலை வரை பார்த்தார். எச்சில் விழுங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"தம்பிய அப்புறம் பாக்கலாம்ண்ணே. இப்ப எனக்குப் பாப்பாதான் வேணும். அவளுக்காக ஏழு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

அப்பா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதைப் போட்டோ எடுத்து, பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் சரிபார்த்து, நாலு மணிக்கு முன்பே லீக் செயலாளருக்கு அனுப்பினேன். பி.டி. மிஸ்ஸைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடலூருக்குத் திரும்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் போன் அடித்தது. எட்டுப் பேரும் சேர்ந்துவிட்டதாகச் செயலாளர் சொன்னார்.

காரை நிறுத்தச் சொன்னார் ஆறடி. இறங்கினார். இடது பக்கம் வயல், வலது பக்கம் லாரிகள். இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டு ரோட்டோரமாக ஓடி, இல்லாத ரிங்கை நோக்கி எம்பிப் போட்டார். பஸ்ஸில் போன பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்களில் யார் உயரம் என்று கவனிக்கவே இல்லை.

கடலூர் மைதானத்தில் ஏழு பெண்களும் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். அவர் எட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் போட்ட சத்தத்தில் ஷட்டில்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, அபிநயாவைக் கூட்டிவரப் போகவேண்டிய முதல் நாள். ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். பாலும் எடுக்கவில்லை, மோட்டாரும் போடவில்லை. முதல் வேலையாக, கூடத்து நாற்காலியிலிருந்த பஞ்சுத் திண்டை எடுத்துக்கொண்டு போய்க் காரின் முன் இருக்கையில் வைத்து, ஆறடி உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியுமா என்று நானே குனிந்து பார்த்தேன்.