தனசிங்கின் கோபமும் ஞானஜோதியின் ஆராய்ச்சியும்

தனசிங் சத்தம் போட்டு முடித்த பிறகும் அவர் மனைவி பதிலுக்குச் சத்தம் போடவில்லை. அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. கிண்டியில் ஒரு கம்பெனியில் அவர் மேனேஜர். ஆபீஸில் வாயே திறக்க மாட்டார். அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொள்வார். அன்றைக்கு விஷயம் தண்ணீர் மோட்டார். ஞானஜோதி அதைப் போட்டுவிட்டு மறந்துபோக, மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவர் சட்டைகளையெல்லாம் நனைத்துவிட்டது. வயிறு எரிகிறது என்றார். மண்டை காய்கிறது என்றார். இந்த வீட்டில் தான் ஒரு மிதியடி என்றார். வழக்கமாக, வயிறு எரிய ஆரம்பிக்கும்போதே ஞானஜோதி எதிர்ப்பாட்டு தொடங்கிவிடுவாள். அன்றைக்கோ கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"மிதியடி. அது முதல்ல வந்துதா, மண்டை முதல்ல வந்துதா?"

தனசிங்குக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மாடிக்குப் போய்ச் சட்டைகளை அவரே பிழிந்து உலர்த்தினார்.

ஞானஜோதி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு, மொழியியலில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். மொழியியல் என்றால் என்ன என்று தனசிங் கேட்டதே இல்லை. இன்னும் நாலு பாஷை கற்றுக்கொள்வாள், என்றைக்காவது இந்தியிலும் திட்டுவாள், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு சம்பத்திடம் மட்டும் மனம் விட்டுச் சொன்னார். அந்தத் தெரு வயலாக இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிற குடும்பம் சம்பத்துடையது. இப்போது சிமென்ட் வியாபாரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"சண்டை போட்டா பயமில்ல சார். சும்மா கேட்டுகினு குந்தியிருக்காங்கன்னா, இன்னாவோ கீது."

அந்த 'இன்னாவோ' தனசிங்கைத் தூங்க விடவில்லை. ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்து, தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். உள்ளே ஞானஜோதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் சிட்லபாக்கத்து பிளஸ்ஸி, இவளோடு ஆராய்ச்சி செய்கிறவள்.

"இல்ல பிளஸ்ஸி, இவர் மாதிரி ஆள் எங்க தேடினாலும் கிடைக்க மாட்டாங்க. மோட்டாரை நிறுத்தாம விட்டாப் போதும், கொட்டித் தீர்த்துடறார். அடுத்த வாரம் அவர் காலையில படிக்கிற பேப்பரை ஒளிச்சு வெச்சுப் பார்க்கப் போறேன்."

தனசிங் செருப்போடு உள்ளே போனார். ஞானஜோதி பதறவில்லை. காபி கொடுத்தாள். கோபத்தைப் பற்றிப் பேசும்போது குடும்பங்களில் என்னென்ன உருவகங்கள் வருகின்றன என்பதுதான் தன் ஆராய்ச்சி என்று விளக்கினாள். கோபம் என்றால் என்ன என்று யாராலும் அப்படியே சொல்ல முடியாதாம். நெருப்பு என்போம், சுமை என்போம், பேய் என்போம். ஒன்றை இன்னொன்றாகச் சொல்லித்தான் மொழியே நடக்கிறதாம். அதில் தனசிங்கை அடிக்க ஆள் இல்லையாம்.

அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தன் பேர் அதில் வருமா என்று கேட்டார்.

"பேர் போடக் கூடாதுங்க. 'கணவர், நடுத்தர வயது'ன்னு வரும்."

அந்த இடத்தில்தான் அவர் முடிவெடுத்தார். சரக்கு வேண்டுமென்றால்தானே சீண்டுவாள்? சரக்கையே நிறுத்திவிடுவது. இனி இந்த வீட்டில் தன் வாயிலிருந்து ஓர் உருவகம்கூட வராது.

எதிரியைத் தெரிந்துகொள்ள, அவளுடைய புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க வியர்த்தது. உருவகம் என்றால் முகமலர், பாதகமலம் என்று நினைத்திருந்தவருக்கு, தான் பேசுவதில் பாதிக்குமேல் அதுதான் என்று தெரிந்தது. விலை ஏறியது என்கிறோம், ஏணி எங்கே? நேரம் போய்விட்டது, எந்த ஊருக்கு? தூக்கம் வருகிறது என்றால் பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவிலா வருகிறது? எந்த வார்த்தையைத் தொட்டாலும் உள்ளே வேறொன்று பதுங்கியிருந்தது. ஆபீஸில் முதலாளி வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, "வேலைக்குக் காலா இருக்கு சார்?" என்று கேட்டு முறைப்பு வாங்கினார்.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். பேப்பரைக் காணோம். வயிறு எரிகிறது என்று சொல்ல முடியாது, எரியவில்லை. உயிரை வாங்குகிறாய் என்று சொல்ல முடியாது, வாங்கவில்லை. கடைசியில், "நீ பேப்பரை ஒளிச்சு வெச்சது தப்பு," என்றார். "ஆமாங்க, தப்புதான்," என்று அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். சண்டை அதோடு முடிந்தது. இப்படிப் பேசினால் சண்டையே போட முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்தது என்று நினைக்கலாமா என்பதிலும் சந்தேகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஞானஜோதி வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஆராய்ச்சிக்காக மைசூரில் ஆறு மாதம் தங்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்துவிட்டது, போகட்டுமா என்றாள்.

தனசிங்கின் நாக்கு நுனியில் ஒரு படையே நின்றது. குடும்பத் தேர் நடுத்தெருவில் நிற்கும், வீடு இருண்டுபோகும், ஊர் சிரிக்கும். ஒன்றையும் வெளியே விட முடியவில்லை.

"வேண்டாம்னா சொல்லுங்க. ஏன்னு மட்டும் சாதாரணமாச் சொல்லுங்க."

தேர், இருட்டு, ஊர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ இல்லாம இருக்க எனக்குப் பிடிக்காது." உடனே திடுக்கிட்டார். "பிடிக்கிறதுன்னா கையால பிடிக்கிறது. அதுவும் உருவகமா?"

"அதைக் கணக்குல சேர்க்காம விட்டுடறேன்," என்றாள் ஞானஜோதி. அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே நீங்க."

தனசிங் மெல்ல நிமிர்ந்தார். ஜெயித்துவிட்டோம், பயணம் ரத்து என்று அவருக்குத் தோன்றியது. இனி அவளாகவே போகவில்லை என்று சொல்வாள். அவர் காத்திருந்தார்.

"ரயில் டிக்கெட் போன மாசமே எடுத்தாச்சு."

"அப்புறம் என்னை ஏன் கேட்டே?"

"கேட்டாத்தானே சொல்லுவீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கேன்."

தனசிங்குக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன்னை விட்டுவிட்டுப் போக இவளுக்கும் மனம் வரவில்லை. ஆபீஸில் ஆறு மாதம் லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்றுகூட யோசிக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு மறுநாளே ரிட்டர்ன் டிக்கெட்டும் போட்டுட்டேன்," என்றாள் அவள். "புத்தகப் பெட்டி ரொம்பக் கனம்."

தனசிங் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். "இது உருவகமா, நிஜமாவா?"

"தூக்கிப் பாருங்க," என்றாள்.