ஆரத்தித் தட்டோடு நின்ற சந்தேகத்தக்கா

அண்ணாமலையாரிடமே ஒரு தடவை ஆதார் கார்டு கேட்டிருப்பார் எங்கள் தெரு சந்தேகத்தக்கா. சாமி வாய் திறந்து பேசாததால் தப்பித்தார். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும்.

வீட்டுக்காரர் பால் பாக்கெட் வாங்கி வந்தால் எந்தக் கடை, யார் எடுத்துக் கொடுத்தது என்று விசாரணை நடக்கும். பௌர்ணமி கிரிவலத்தில் யாராவது புண்ணியத்துக்குத் தக்காளி சாதம் நீட்டினால், கொடுத்தவர் ஒரு வாய் போட்டுக்கொண்ட பிறகுதான் அக்கா கையை நீட்டுவார். செங்கம் ரோட்டில் காவி கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அவங்க ஊரில் யாரையோ ஏமாற்றிவிட்டு ஓடி வந்த ஆள் மாதிரி தெரிகிறது என்று என்னிடம் சத்தமாகவே சொன்னார். அந்த மனுஷர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இல்லீங்கக்கா" என்றார். அக்கா அதையும் நம்பவில்லை. இவ்வளவு நல்லா தமிழ் எதுக்குக் கத்துக்கிட்டான் என்று வீடு வரைக்கும் என் உயிரை வாங்கினார்.

பிறவியிலேயே அவர் இப்படி இல்லை. ஒரு காலத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். அப்படித் தலையாட்டித்தான் ஒரு தீபாவளி சீட்டுக் கம்பெனிக்கு எங்கள் தெரு ஏஜென்ட் ஆனார். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பெரிய சாமி படம். முதல் தீபாவளிக்குப் பட்டாசு, ஸ்வீட், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. அடுத்த தீபாவளிக்கு ஷட்டரில் பூட்டுதான் தொங்கியது. தெருவில் யாரும் அக்காவோடு சண்டைக்குப் போகவில்லை, அவர் பணமும் சேர்ந்துதானே போனது. ஆனால் கறிவேப்பிலை கேட்டுக்கூட அவர் வாசல் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். அதிலும் எதிர் வீட்டுக் கல்பனா, மகள் படிப்புக்கென்று வைத்திருந்ததை அக்கா பேச்சை நம்பிப் போட்டவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அன்றிலிருந்துதான் அக்காவுக்கு உலகமே சந்தேகக் கேஸ் ஆனது.

இந்த நிலையில் எலெக்ஷன் வந்தது. வேட்பாளர்கள் என்றாலே எனக்கு ஆகாது, ஜன்னலைச் சாத்திவிடுவேன். அன்றைக்கு மட்டும் திறந்து வைத்தேன், ஏனென்றால் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றது சந்தேகத்தக்கா.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் கற்பூரம். எங்கள் பக்கத்தில் ஆரத்தி சுற்றும்போது நிற்கிற ஆள் நகரக் கூடாது. சுற்றி முடித்து, நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் ஊற்றிய பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்து நின்ற நம் வேட்பாளரோ பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுகிற ரகம், இரண்டு கையிலும் கயிறு. மூன்று சுற்றில் முடிய வேண்டியதை அக்கா முடிக்கவே இல்லை. சுற்றிக்கொண்டே சீட்டுக் கம்பெனி விஷயத்தைக் கேட்டார். கவர்மென்ட் அனுமதி இல்லாத சீட்டுக் கம்பெனி ஒன்றுகூட இந்தத் தொகுதியில் கதவைத் திறக்காது, அதற்கு நான் பொறுப்பு என்று அவர் மைக்கில் சொன்ன பிறகுதான் பொட்டு வைத்தார். தட்டில் விழுந்த நோட்டை வெயிலில் தூக்கிப் பார்த்து, நல்ல நோட்டுதான் என்று சான்றிதழ் கொடுத்து, அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார்.

அவர் ஜெயித்தார். கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புதுச் சீட்டுக் கம்பெனி வந்தது, அதே கண்ணாடிக் கதவு, அதே ஏசி. போனதை இதில் பிடித்துவிடலாம் என்று தெருவில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், கல்பனாதான் முதல் ஆள். அக்கா வாசலில் மறித்து வேண்டாம் என்றார்.

கல்பனா நின்று, பல நாள் கழித்து அக்கா முகத்தைப் பார்த்துப் பேசினாள். "நீ சொல்லித்தானேக்கா முதல்ல போட்டோம். இப்போ வேணாம்னு சொல்றதும் நீதானா?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை. ரிப்பன் வெட்ட வருகிறவர் யார் என்கிறீர்கள், நம் எம்.எல்.ஏ.தான். பத்தரைக்கு ராகு காலம், வழக்கம்போல லேட்டாகப் பத்தேகாலுக்கு வந்து இறங்கினார். ஆரத்திக்குக் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்த பெண்களை ஓரம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது எங்கள் அக்கா. தட்டில் தண்ணீர் விளிம்பு வரை தளும்பியது. பக்கத்தில் வந்த கட்சிக்காரர்கள் எம்.எல்.ஏ.வின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், பின்வாங்கினார்கள்.

அக்கா சுற்ற ஆரம்பித்தார். அருணாசலத்தைச் சுற்றுகிற பக்தர்கூட அவ்வளவு நிதானமாகச் சுற்றியிருக்க மாட்டார்.

"தம்பி, எங்க தெருவுல நின்னு என்ன சொன்னீங்கனு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. நேரமாகுது, சீக்கிரம் முடிங்க."

"அப்போ இவங்களுக்கு அனுமதி இருக்குதானு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் ஊத்திடறேன்."

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள், கல்பனா பணப்பையோடு. வேறு வழியில்லாமல் எம்.எல்.ஏ. மேனேஜரிடம் கேட்டார். அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துடும் என்றார் மேனேஜர். எந்த ஆபீசில் அப்ளை பண்ணினீர்கள் என்றார் அக்கா. மேனேஜர் ஒரு பெயர் சொன்னார், அவருடைய ஆளே இன்னொரு பெயர் சொன்னார். கற்பூரம் அணைந்துபோனது, அக்கா இடுப்பிலிருந்து இன்னொரு கட்டி எடுத்துப் பற்ற வைத்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

பத்தரை தாண்டியது. ராகு காலத்தில் ரிப்பன் வெட்ட அந்த மனுஷருக்குப் பைத்தியமா. அனுமதி வந்ததும் கூப்பிடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னார், அக்கா பொட்டு வைத்துத் தண்ணீரை ஊற்றியதும் காரில் ஏறினார். அதன்பிறகு அவர் சட்டசபையில் ஏதாவது பேசினாரா என்று தெரியாது, நான் ஒன்றும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி கூப்பிடவே இல்லை. மறு வாரம் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை அக்கா வாசலில் கல்பனா வந்து நின்றாள். கையில் அதே பணப்பை.

"அக்கா, பேங்க்ல மாசாமாசம் போடலாம்னு இருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியாது. நீ கூட வாக்கா."

எதுக்கு, ஏன், யார் சொன்னது என்று கேள்வி வரும் என்று நான் ஜன்னலில் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அக்கா பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது, இன்னொன்று கண்ணில் படவில்லை. படிக்கு அடியில் கிடந்ததை நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.