ஸ்வீடன் பாட்டுக்குத் தசரதன் சொன்ன அர்த்தம்

தசரதன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய முடிவு எடுத்தான். தன் மனைவி பூவிழிக்கு டெத் மெட்டல் இசை பிடிக்கும்படி செய்துவிடுவது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் இதற்கு முன் யாரும் இப்படி ஒரு முடிவு எடுத்ததாகத் தெரியவில்லை. அங்கே ஆம்பளைகள் எடுக்கிற முடிவுகளெல்லாம் காற்றைப் பற்றியவை, வலையைப் பற்றியவை, குடியை விடுவதைப் பற்றியவை. கடைசி முடிவு மட்டும் அடிக்கடி எடுக்கப்படும்.

தசரதனும் ஏரியில் இறால் பிடித்தவன்தான். இறால் குறைந்துபோன வருஷம் ஊரில் பாதிப்பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். தசரதனும் கொடி பிடித்தான். பிறகு வீட்டு நிலைமையைப் பார்த்து, அங்கேயே போய் வெல்டிங் ராடு பிடித்தான். கூட வேலை செய்தவன் ஒரு நாகாலாந்துக்காரன். சாப்பாட்டு நேரத்தில் சுவரில் சாய்ந்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வான். தியானம் பண்ணுகிறான் என்றுதான் தசரதன் நினைத்தான். ஒரு நாள் அவன் ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றித் தசரதன் காதில் வைத்தான். உள்ளே ஒருத்தன் உறுமினான். தசரதன் சோற்றுத் தட்டைத் தவறவிட்டான்.

அது தொண்ணூறுகளில் ஒரு ஸ்வீடன் குழு போட்ட ஆல்பம். பாடுகிறவன் பாடுவதே இல்லை. அடித்தொண்டையிலிருந்து ஒரு கர்ஜனை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு மேலே இரண்டு கிட்டார்கள், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். இரண்டு படகு சேர்ந்து ஒரு வலையை இழுக்கிற மாதிரி. நாலைந்து தடவை கேட்டபின் தசரதனுக்கு உறுமல் காதில் விழவில்லை, கிட்டார் மட்டும் விழுந்தது. பத்துப் பதினைந்து தடவை கேட்டபின் உறுமலும் அழகாக இருந்தது. நாகாலாந்துக்காரன் ஊருக்குப் போனபோது பாட்டையெல்லாம் தசரதன் போனில் ஏற்றிவிட்டுப் போனான். அதன்பிறகு தசரதனுக்கு ஒரே குறை. இவ்வளவு அழகைக் கூட உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இல்லை. அதனால்தான் அந்த முடிவு.

பூவிழி கூடத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தசரதன் ஸ்பீக்கரை அவள் எதிரில் வைத்து, பயபக்தியோடு அழுத்தினான்.

"இன்னாய்யா இது?"

"பாட்டு."

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. மெலோடிக் டெத் மெட்டல்னு பேரு."

"டெத்துன்னா சாவு."

"ஆமா."

"மெலோடின்னா?"

"இனிமை."

"இனிமையாவா சாவுறான்? கேட்டா அப்பிடித் தெரிலயே."

"மே, பாடுறவன உடு. மெட்டக் கேளு."

"அவனே பேருல சொல்லிட்டானே, மெட்டல்லன்னு."

"கிட்டாரயாவது கேளு."

"இந்தக் கிட்டார வெச்சா நம்ம வூட்டுக்கிட்ட யாரும் வரமாட்டாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தர் வந்துவிட்டார். பக்கத்து வீட்டு வேலம்மா. கையில் வேப்பிலைக் கொத்து.

"யாருக்கு வந்துகீது பூவு?" என்று வேலம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"யாருக்கும் இல்லக்கா. பாட்டாம்."

வேலம்மா ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் அனுபவம் உண்டு. "இன்னா வேணும்னு கேட்டீங்களா?" என்றாள்.

பூவிழி தசரதன் பக்கம் திரும்பினாள். "ஆமா, அவன் இன்னாதான்யா கேக்குறான்?"

தசரதனுக்கு அது தெரியாது. நாகாலாந்துக்காரனுக்கே தெரியாது. ஆனால் இரண்டு பெண்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? தெரியாது என்றால் ஸ்பீக்கர் பரண்மேல் ஏறிவிடும்.

"பொண்டாட்டிய நெனச்சுப் பாடுறான்," என்றான் தசரதன். "மீன் புடிக்கப் போன எடத்துல பனியில மாட்டிக்கினான். வூட்டுல அவ ஒண்டியா கஷ்டப்படுறாளேன்னு அழுவுறான்."

"ஐயோ பாவம்," என்றாள் வேலம்மா. வேப்பிலையை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பூவிழி போகவில்லை. கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள். "இன்னா கஷ்டம்னு சொல்றான்?"

"காலைல எழுந்து தண்ணி புடிக்கிறாளாம்."

"ம்."

"ஊருக்குத் திரும்பி வந்ததும் இனிமே நானே புடிக்கிறேன்னு சொல்றான்."

பூவிழி பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டாள். "நல்ல மனுஷன்," என்றாள்.

தசரதனுக்குப் பெருமை தாங்கவில்லை. தான் எடுத்த முடிவு இத்தனை சீக்கிரம் பலிக்கும் என்று அவன் நினைக்கவில்லை. மறுநாள் காலை கண் விழித்தபோது பாய்க்குப் பக்கத்தில் இரண்டு காலிக் குடங்கள் இருந்தன.

"இது இன்னாத்துக்கு?"

"வெள்ளைக்காரனே புடிக்கிறான்," என்றாள் பூவிழி, போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். "அந்தப் பாட்டப் போடுய்யா. அப்பாலிக்கி இன்னா ஆச்சுன்னு கேப்போம்."

மனைவி தானாக டெத் மெட்டல் கேட்கிறாள். இந்த சந்தோஷத்தில் தசரதன் உஷாராக இல்லை. இரண்டாவது பாட்டில் ஸ்வீடன்காரன் இறால் உரித்தான். அதனால் தசரதனும் உரித்தான். மூன்றாவது பாட்டு வருவதற்குள் அவனுக்குப் புத்தி வந்துவிட்டது. அதிகச் செலவில்லாமல், உடம்பு நோகாமல் முடிக்கப் பார்த்தான்.

"இதுல பொண்டாட்டிக்குப் பூ வாங்கிக் குடுக்குறேன்னு சொல்றான்."

பூவிழி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ரெண்டு மொழம் பூவுக்கா இந்தக் கத்து கத்துறான்? இல்லய்யா. வேற என்னமோ சொல்றான். நல்லாக் கேளு."

தசரதன் நல்லாக் கேட்டான். உறுமல் உண்மையிலேயே பயங்கரமாக இருந்தது.

"கக்கூஸ் கழுவுறேன்னு சொல்றான்," என்றான் மெதுவாக.

"அதான பாத்தேன். கழுவுறவன் கத்துற கத்துதான் இது."

இப்படியே போயிற்று. ஸ்வீடன்காரன் கருவாடு காயவைத்தான், பாத்திரம் தேய்த்தான், பழவேற்காட்டு மார்க்கெட்டுக்கு மீன் கூடை தூக்கினான். வாரம் முழுக்கக் கப்பலுக்கு வெல்டிங் வைத்துவிட்டு வந்த தசரதன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வீடன்காரனாக இருந்தான். முதுகு வலித்தது. வேலம்மா மட்டும் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பனியில மாட்டுனவன் வூடு வந்து சேந்தானா தம்பி?" என்று விசாரித்தாள்.

ஆல்பத்தின் நடுவில் ஒரு சின்ன உருப்படி உண்டு. அதில் உறுமல் கிடையாது, டிரம் கிடையாது. சாதாரணக் கிட்டார் ஒன்று தனியாக வாசிக்கும், பிறகு இன்னொன்று வந்து சேரும். அந்த வாரம் அது வந்தபோது தசரதனுக்கு அப்பாடா என்றிருந்தது.

"இதுல பேச்சே இல்ல மே. அர்த்தமும் இல்ல."

வெளியே ஏரிமேல் மூட்டமாக இருந்தது. மார்கழிக் குளிர். எங்கோ ஒரு படகின் இன்ஜின் நின்றது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பெரிய கிட்டார்களும் திரும்ப வந்தன, உறுமலும் வந்தது.

"ஒண்ணு கவனிச்சியாய்யா?" என்றாள் பூவிழி. "அழுவுறதெல்லாம் அந்த ரெண்டு கிட்டாருதான். பாடுறவன் அழுவ மாட்டேங்குறான். அதான் இவ்ளோ கத்துறான்."

தசரதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் தனக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றை, சொல்ல வராத ஒன்றை, அவள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பாத்திரம் தேய்த்தது அவனுக்குப் பாரமாகவே தெரியவில்லை.

ஆனால் முதுகுக்குத் தெரிந்தது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பதில் திட்டத்தோடு உட்கார்ந்தான். கடைசிக்கு முந்தின பாட்டு. வேகமான பாட்டு. தசரதன் கண்ணை மூடிக் காதைக் கூர்மையாக்கி, கஷ்டப்பட்டுக் கேட்கிற மாதிரி பாவனை செய்தான்.

"வூடு வந்து சேந்துட்டான்," என்றான்.

"ம்."

"பொண்டாட்டி கால் அமுக்கி உடுறா."

"ம்."

"சுடச்சுட வஞ்சிரம் வறுத்து வெக்கிறா. நீ இன்னிமே எந்த வேலையும் செய்யக்கூடாது ராசான்னு சொல்றா."

"இந்தப் பாட்டுலயா?"

"இந்தப் பாட்டுலதான்."

பூவிழி அவன் போனை எடுத்தாள். எதையோ தள்ளினாள், எதையோ அழுத்தினாள். பிறகு நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"'கறுத்த கடலின் அடியில் என் எலும்புகள் உறங்குகின்றன. கதிரவன் இனி உதிக்கப்போவதில்லை.' இதுல வஞ்சிரம் எங்க கீது?"

தசரதன் எட்டிப் போனைப் பார்த்தான்.

"போன்லயே பாட்டு வரியெல்லாம் வருதுய்யா. தமிழ்லயும் மாத்திக் குடுக்குது. வேலம்மா அக்கா வேப்பில வெச்சிட்டுப் போன அன்னிக்கே பாத்துட்டேன். நீ கக்கூஸ்னு சொன்னது செத்துப்போன நட்சத்திரம். கருவாடு காயவெச்சது நரகத்து வாசல்."

"தெரிஞ்சுமா என்னத் தண்ணி புடிக்க உட்ட?"

"நட்சத்திரம் செத்தா நம்ம வூட்டுக்கு இன்னா பிரயோசனம்? நீ சொன்ன அர்த்தம் நல்லா இருந்துச்சு."

தோற்றது தோற்றாகிவிட்டது. தசரதனுக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பாட்டாவது புடிச்சுதா?"

"புடிக்காமயா வாரா வாரம் ஒக்காந்து கேட்டேன்? நீ வேலைக்குப் போனப்புறம் நான் இதப் போட்டுக்கினுதான் சோறு ஆக்குறேன். வேலம்மா அக்காவுக்குக்கூட அந்தக் கிட்டாரு பாடம் ஆயிடுச்சு."

தசரதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் ஆசைப்பட்டது இதைத்தானே. முடிவு எடுத்தான், முடித்தும் விட்டான். கோட்டைக்குப்பத்தில் ஓர் ஆம்பளை எடுத்த முடிவு நிறைவேறிவிட்டது. சிரித்துக்கொண்டே கை நீட்டிக் கடைசிப் பாட்டைப் போட்டான்.

"இதுக்கு அர்த்தமெல்லாம் வேணாம். சும்மா கேப்போம்," என்றான்.

"நீ சொல்ல வேணாம்," என்றாள் பூவிழி. "இதுக்கு அர்த்தம் நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் ஸ்வீடன்காரன், மாமியாரை ஒரு மாதம் தங்க அழைத்துவரப் பொன்னேரி பஸ் ஏறினான்.