பின் கழுத்தின் சுவிட்சு

என் வாயால் இனி "வா" என்று கூப்பிட மாட்டேன். சத்தியம். அவளாகப் போனாள், அவளாக வரட்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவான் கண்டக்டர்.

இந்தச் சபதத்தை நான் எடுத்தது அடுப்புக்கு முன்னால். சோறு அடிப்பிடித்துப்போயிருந்தது. கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஆம்பளை எப்பேர்ப்பட்ட சபதமும் எடுக்கலாம்.

என் பேர் ஐயாதுரை. பகலில் மில்லில் பிட்டர். சாயங்காலமானால் இருளப்பசாமியின் மெல்லிசைக் குழுவில் பெடல் ஸ்டீல் கிட்டார். தோளில் மாட்டுகிற கிட்டார் இல்லை. நாலு கால் வைத்து மேஜை மாதிரி நிற்கும். உட்கார்ந்து, கம்பி மேல் இரும்பு உருளையைத் தேய்த்துக்கொண்டே காலால் பெடலை மிதிக்க வேண்டும். லேத் பட்டறையில் சொல்லிச் செய்த சாமான். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்து, "ரவிக்கை தைக்க எம்புட்டு?" என்று கேட்டவர்கள் உண்டு.

அதில் ரெண்டு கழுத்து, அதாவது கம்பி கட்டின ரெண்டு பலகை. முன் கழுத்தில் பத்துக் கம்பி, பின் கழுத்தில் பத்துக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ட்யூனிங். முன்னது மெல்லிசாக, உசரத்தில் நின்று அழும். பின்னது கனமாக, அடிவயிற்றிலிருந்து பேசும். நடுவில் ஒரு சின்ன சுவிட்சு. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தக் கழுத்துதான் ஆம்ப்ளிஃபயரில் கேட்கும். கச்சேரிக்கு முன் கழுத்தே போதும். பின்னதை நான் மேடையில் தொட்டதே இல்லை.

கல்யாணமான புதுசில் என் சம்சாரம் பரிபூரணம் கேட்டாள்.

"இது எதுக்கு ரெண்டு?"

"ரெண்டுக்கும் சத்தம் வேற."

"ஊருல எதை வாசிப்பீக?"

"முன்னாடி உள்ளதை."

"அப்ப பின்னாடி உள்ளது எனக்கு."

அவ்வளவுதான், பாகப் பிரிவினை முடிந்தது. அன்றிலிருந்து அவள் தோசை சுடும் நேரத்தில் பின் கழுத்தில் ஒரு மெட்டு வாசிப்பேன். அதற்குப் பேர் கிடையாது. நானாக உருட்டியது. அடுப்படியில் தோசைக்கரண்டியால் கல்லின் ஓரத்தைத் தட்டித் தாளம் போடுவாள். உட்காருவேன், வாசிப்பேன், சத்தம் வரும், தோசை வரும். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

கெடுத்தது தளவாய்புரம் கோயில் கொடை. பாட்டின் நடுவில் முன் கழுத்தில் கம்பி அறுந்துவிட்டது. இருளப்பசாமி மேடையிலேயே பல்லைக் கடித்தார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு மகா யோசனை. பின் கழுத்தையும் முன் கழுத்து மாதிரியே ட்யூன் பண்ணி வைத்தால்? இங்கே அறுந்தால் அங்கே தாவிவிடலாம். ஸ்பேர் டயர் இல்லாமல் யாராவது லாரி ஓட்டுகிறானா? காதைக் கம்பியோரம் வைத்துப் பத்தையும் முறுக்கி மாற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வழக்கமான மெட்டை ஆரம்பித்தேன். அடுப்படியில் தட்டல் நின்றது.

"என்னங்க இது, வேற யாரோ அழுதாப்ல இருக்கு?"

"ட்யூனிங்கை மாத்திட்டேன். ரெண்டும் ஒண்ணு. ஸ்பேரு."

"எதுக்கு ஸ்பேரு?"

"கச்சேரிக்குத்தான்."

"வீட்டுக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதையும் ஊருக்குக் குடுத்துட்டீகளா?"

"ஏட்டி, கம்பிதானே. என்னமோ சொத்தை எழுதிக் குடுத்தாப்ல பேசுத."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் மில்லிலிருந்து வந்தால் கல்லில் மாவு இல்லை, கொடியில் சேலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அம்மா வீடு.

வெளியே சபதம், உள்ளே நான் செத்துக்கொண்டிருந்தேன். பின் கழுத்தை அன்றே பழைய ட்யூனிங்குக்கு மாற்றிவிட்டேன், காதை வைத்துத்தான். வாசிக்க மட்டும் மனசு வரவில்லை. தட்ட ஆள் இல்லாமல் யாருக்கு வாசிக்க? ஓட்டலில் தோசை தின்றேன். நல்ல தோசைதான். தொண்டையில் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இறங்குகிற சேலையெல்லாம் அவள் சேலையாகத் தெரியும்.

பக்கத்து வீட்டு வைகுண்டராஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் வேலை. தினமும் சேதி கொண்டுவருவான்.

"அண்ணாச்சி, மதினியைப் பாத்தேன்."

"என்ன சொன்னா?"

"பால்கோவா குடுத்தாக."

"என்னைப் பத்தி?"

"பால்கோவா நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

"சாப்பிட்டேனான்னு கூடக் கேக்கலையாடா?"

"கேட்டாகளே. எனக்கு இன்னொண்ணு வேணுமான்னு கேட்டாக."

இப்படி இருக்கையில் இருளப்பசாமி ஒரு சேதி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எந்தத் தெரு என்று கேட்டேன். என் மாமியார் தெரு. எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. நானாகப் போகவில்லை, தொழில் கூப்பிடுகிறது. சபதத்துக்குப் பங்கமே இல்லை. மேடையில் பின் கழுத்தை வாசிப்பேன். அந்த மெட்டை. மாமியார் வீட்டு வாசலில் குழாய் ரேடியோ, அதான் ஒலிபெருக்கி, கட்டுவார்கள். கேட்டால் அவள் உருகி ஓடிவருவாள். நான் வாயே திறக்க வேண்டாம்.

விளக்கு வைத்த நேரம் கச்சேரி தொடங்கியது. முன் கழுத்தில் நாலைந்து பாட்டு போனது. பொண்ணு மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இருளப்பசாமி மைக்கில், "அடுத்து ஐயாதுரை அண்ணன் தனியா ஒண்ணு வாசிக்காரு" என்றார். சொல்லிவிட்டு அந்த மைக்கை என் முகத்துக்கு நேராக நகர்த்தி வைத்தார். கிட்டாருக்கு எதற்கு மைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. நான் வேறு உலகத்தில் இருந்தேன்.

கண்ணை மூடினேன். பின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். அவளை நினைத்தேன். காய்ந்த கல்லை நினைத்தேன். உருளையை இழுத்து, பெடலை மிதித்து, உசிரையே கம்பியில் போட்டு வாசித்தேன்.

சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தேன். கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். மறுபடி இழுத்தேன். ஒன்றுமில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வேர்த்து ஊற்றியது. நான் தொட்டதும் பின் கழுத்து செத்துவிட்டது, அவளோடு போய்விட்டது என்றே நினைத்தேன். 

அப்போது பக்கவாட்டிலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டது. நடுவிலிருந்த சுவிட்சைப் பின்பக்கம் தள்ளியது. கம்பி கனமாகப் பேசியது.

பரிபூரணம்.

"இத்தனை வருசமா இதை யாரு போட்டான்னு நினைச்சீக?" என்றாள் மெதுவாக. "காப்பி டம்ளரை உங்க பக்கத்துல வச்சிட்டுப் போகும்போது போடுவேன். தோசை முடிஞ்சதும் திருப்பி வைப்பேன்."

யோசித்துப் பார்த்தேன். என் வீட்டில் அந்தச் சுவிட்சை நான் தொட்டதே இல்லை. தானாக நடக்கிறது என்றுகூட நினைத்ததில்லை. நினைக்கவே இல்லை.

மெட்டை வாசித்தேன். அவள் கிட்டாரின் ஓரத்தில் விரலால் தட்டினாள். அந்தத் தட்டலைக் கேட்டதும் சபதமாவது ஒண்ணாவது. வாசித்து முடித்தேன். அவள் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"பரிபூரணம்," என்றேன்.

"என்ன?"

"வீட்டுக்கு..."

"காதுல விழல."

"வீட்டுக்கு வாட்டி. நீ இல்லாம சோறு எறங்கல. பழைய ட்யூனிங்கே வச்சிட்டேன். அது உனக்குத்தான்."

சொன்னது தெருமுனைக் குழாயில் ஒருதரம் கேட்டது. மாமியார் வீட்டு வாசல் குழாயில் இன்னொரு தரம் கேட்டது. ரிசப்ஷன் மொத்தமும் கை தட்டியது. பொண்ணு எழுந்து நின்றே தட்டினாள். இருளப்பசாமி மைக்கைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டே பரிபூரணத்தைப் பார்த்து, "சரிதானாம்மா?" என்றார்.

கடைசி வரிசையில் வைகுண்டராஜ் பால்கோவா தின்றுகொண்டிருந்தான். கல்யாணக்காரர்களிடம் இருளப்பசாமி குழுவைச் சொல்லிவிட்டது பரிபூரணம்தான், தூது போனது இவன்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வரும்போது வேனில் அவள் மடியில் பை இருந்தது.

"ஏட்டி, இதை எப்ப கட்டுன?"

"காலையிலயே."

"அப்ப நான் கேக்காட்டியும் வந்திருப்பியா?"

"வராம? எனக்கு மட்டும் அங்க சோறு எறங்குச்சாக்கும்?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருந்தாலும் கேட்டுட்டு வாரது மரியாதை."

மறுநாள் சாயங்காலம் அடுப்பில் கல் காய்ந்தது. எனக்கு ரோசம். இனி எவளையும் நம்பி நான் இல்லை. கிட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி, என் கையாலேயே சுவிட்சைப் பின்பக்கம் தள்ளினேன். உருளையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

சத்தம் இல்லை. முன்பக்கம் தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அடுப்படியில் தோசைக்கரண்டி ரெண்டு தட்டுத் தட்டியது.

"ஆம்ப்ளிஃபயரை யாரு போடுவா? மைக்குல கேளுங்க, வாரேன்."