இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே

மதிப்புக்குரிய நோட்புர்கா அத்தைக்கு,

அண்ணன் மகள் அஃப்ரா எழுதுவது. உங்கள் முழங்காலும், முட்டையிட மறுக்கும் அந்தக் கோழியும் நலந்தானே. உங்களை 'நீ' என்றே சொல்லி வளர்ந்தவள் இப்போது 'நீங்கள்' போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள். இன்ஸ்ப்ரூக் நீர்வள அலுவலகத்தில் ஆறு மாதம் இருந்தால் கை தானாக அப்படித்தான் எழுதுகிறது. நீங்கள் இரவல் தந்த சைக்கிள் பத்திரம். முன்சக்கரத்தின் மண்காப்பு மட்டும் மலையில் எங்கோ தங்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என் தகுதிகாண் பருவம் இந்த வாரம் முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது இயக்குநர் டாக்டர் பிராக்ஸ்மாரர் கையில். அவர் என் சக ஊழியன் கோர்பினியானிடம், "கணக்கெல்லாம் சுத்தம், ஆனா அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குதே. ஓடைத் தண்ணி விஷயமா விவசாயிங்ககிட்ட அனுப்பினா எப்படிப் பேசும்?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதைத் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள்தானே வழி காட்டினீர்கள்: அலுவலகத்தோடு சைக்கிளில் கிரீனெக் ஏரிக்குப் போகிறாய் அல்லவா, இரண்டாயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டால் மலை வழக்கப்படி டாக்டரும் கிடையாது, இயக்குநரும் கிடையாது, எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், அங்கே வைத்துக் கேட்டுவிடு என்று. 'நீங்கள்' என்று தொடங்கினால் தொண்டையிலேயே நின்றுவிடும் வாக்கியம் 'நீ' என்றால் வந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

சனிக்கிழமை மற்றவர்களுடையது எல்லாம் மோட்டார் வைத்த மலைச் சைக்கிள்கள், என்னுடையது உங்களுடையது, ஆகவே முதல் வளைவிலேயே எல்லோரும் மறைந்துபோனார்கள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு காட்டைத் தாண்டினால் அங்கே ஒரு கல்மேல் டாக்டர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கோர்பினியானை முந்தவேண்டும் என்று அடிவாரத்திலிருந்தே மோட்டாரை முழுவேகத்தில் விட்டதில் பேட்டரி தீர்ந்திருந்தது, ரொட்டியும் பன்றி இறைச்சியும் வைத்திருந்த கோர்பினியானோ திரும்பிப் பார்க்காமல் போயே விட்டான். மின்சாரம் இல்லாத அந்தச் சைக்கிள் கன்றுக்குட்டி கனம் கனக்கிறது. அவர் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, வழியெல்லாம் நான் பேசியது "ஆமாம், டாக்டர்" மட்டும்தான். இரண்டாயிரம் என்று எழுதிய பலகை மேய்ச்சல் நிலத்தின் படலில் தொங்கியது. அதைத் தாண்டியதுமே மாடுகள் சூழ்ந்துகொண்டன. வியர்வை உப்புக்காக ஒன்று அவர் சைக்கிள் இருக்கையை நக்க, இன்னொன்று அவருடைய கையுறையை வாயில் போட்டுக்கொண்டது. டாக்டர் அதனிடம், "தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று கேட்டார். அத்தை, சத்தியமாக. மாட்டிடம். எனக்குத் தொழுவத்துக் குரல் வந்துவிட்டது. "ஏய் பெருசு, தள்ளு அங்கிட்டு! வழிய விட்டு நில்லு!"

மாடு நகர்ந்தது. டாக்டர் பிராக்ஸ்மாரரும் நகர்ந்தார்.

ஏரியில் அவர் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "என்னை வேலையில வச்சுக்கோ. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு." அவர் காலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இங்க யார் வேணா கேக்கலாம், அந்த மாடுகூடக் கேக்கும். திங்கக்கிழமை கீழ என் அறைக்கு வந்து கேளு. வேலை கீழதான இருக்கு."

ஏரி பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் ஏரியில் யாருக்கும் வேலையும் இல்லையே. என் அப்பா பால் வண்டி ஓட்டுகிறார், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். பட்டம் வாங்கிய எனக்குத் தொப்பி இல்லை, அதனால் குரலைக் கழற்றி வைத்துவிடுகிறேன் போலிருக்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தைரியம் உதிர்ந்தது, மண்காப்பும் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் "நன்றி, டாக்டர்" என்றேன், அவ்வளவுதான்.

ஆகவே நாளை நான் கேட்கப்போவதில்லை. சீஸ் கூடத்துக்கு மேலே இருக்கும் அறையை எனக்காகப் பெருக்கி வையுங்கள். மாடுகளோடு பேசத்தான் எனக்கு வருகிறது. கடவுள் உங்கள் முழங்காலைக் காக்கட்டும், கோழிக்கு நல்ல புத்தி தரட்டும்.

என்றும் அன்புடன்,
அஃப்ரா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அத்தை, அறையைப் பெருக்காதே. டாக்டரின் அறைக் கதவருகே போய் நின்றேன், "சொல்லுங்க" என்றார், மலையில் மாட்டை விரட்டிய அதே குரல் வந்தது: "டாக்டர் பிராக்ஸ்மாரர், என்னை வேலையில வச்சுக்கோங்க." அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "கேட்டுச்சு. மாடி முழுக்கக் கேட்டுச்சு. அடுத்த வாரம் விவசாயிங்களப் பாக்கப் போங்க," என்றார். சைக்கிளை இப்போதைக்குத் தருவதாக இல்லை. நான் வெளியே வந்தபோது, நடைவழியில் நின்ற கோர்பினியான் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டான்.